பகலில் மூடிய கண்கள்

(உரைநடை)

கற்றல் நோக்கங்கள்

• பச்சோந்தியின் உடலமைப்பையும் அதன் கண்ணின் தனித்தன்மையையும் அறிதல்.
• நோயுற்ற காட்டுயிருக்கு உதவும் முறையை அறிந்து பின்பற்றுதல்.
• வியங்கோள் வினைமுற்றை இனங்கண்டு பயன்படுத்துதல்.

நுழையும்முன்

அன்புடையார் கையிலும் ஓர் உயிர் வாடக்கூடும். வளர்க்க விரும்பி எடுத்துவந்த உயிர் சில நாள்களிலேயே கண்மூடிக் கிடப்பதைக் கண்டு கலங்கும் சிறுவர் உண்டு. அவ்வுயிர் ஏன் கண்மூடியது? அதற்கு நாம் செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது? பச்சோந்தியைச் சான்றாகக் கொண்டு இவற்றை அறிவோம்.

பெயரும் உருவமும்

பசுமை நிறங்கொண்ட ஓந்தி ‘பச்சோந்தி’ எனப்பட்டது. ஓந்தி என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் இச்சொல் ‘ஓதி’ என்றும் வழங்கும். நம் நாட்டுப் பச்சோந்தியின் அறிவியற்பெயர் ‘சமேலியோ சிலானிகஸ்’ என்பதாகும். இப்பெயரின் பின்பகுதிக்கு ‘இலங்கையைச் சேர்ந்தது’ என்பது பொருள். இலங்கையிலும் தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகள் பலவற்றிலும் இவ்வினம் வாழ்கிறது.

ஓணானையும் பச்சோந்தியையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். மும்பையில் பூங்காக்களின் வேலியோரம் கழுத்துச் சிவந்து தலையாட்டி நிற்பது பெரும்பாலும் ஓணானே. இந்தியில் பச்சோந்தியைக் ‘கிர்கிட்’ என்பர். மராத்தியரோ ‘சரடா’ என்னும் ஒரே சொல்லால் ஓணானையும் பச்சோந்தியையும் குறிப்பர். ஆதலின், பெயரைக்கொண்டு பிரித்தறிய இயலாது. உருவத்தைக்கொண்டே அறிதல் வேண்டும்.

ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தி காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து மெல்ல நடக்கும். ஓணானின் விரல்கள் தனித்தனியே விரிந்திருக்கும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, குறடுபோலக் கிளையைப் பற்றும். அதன் வால் சுருண்டு ஐந்தாவது கைபோல உதவும். தலையின்மேல் தலைக்கவசம் போன்ற மேடு ஒன்று உயர்ந்து நிற்கும். இவை அனைத்தினும் வியப்புக்குரியவை அதன் கண்கள்.

உயிரைத் தாங்கும் கண்

பச்சோந்தியின் மேலிமையும் கீழிமையும் ஒன்றாக இணைந்து, சிறு கோபுரம்போலக் கண்ணை மூடியுள்ளன. கோபுரத்தின் உச்சியில் உள்ள சிறு துளை வழியாகவே அது உலகைக் காண்கிறது. ஒரு கண் முன்னே நோக்கும்போது மற்றொரு கண் பின்னே நோக்கும். ஆகவே தலையைத் திருப்பாமலேயே அது தன்னைச் சுற்றிலும் பார்க்க வல்லது. இரை தென்பட்டால் மட்டுமே இரு கண்களும் ஒருங்கே அதன்மீது குவியும்.

இரை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பச்சோந்தி எவ்வாறு அளக்கிறது? 1977ஆம் ஆண்டு ஹார்க்னஸ் என்னும் ஆய்வாளர், பச்சோந்தியின் கண்முன் மூக்குக்கண்ணாடியில் உள்ளவை போன்ற ஆடிவில்லைகளைப் பொருத்திப் பார்த்தார். அதன் நாக்கு குறி தவறியது. இதனால், ஒளிப்படக் கருவியின் வில்லையைத் தெளிவுக்காகத் திருகுவதுபோல, கண்ணைக் கூர்மைப்படுத்தும் அளவைக்கொண்டே அது தொலைவை அறிகிறது என்பது புலனாயிற்று. 1995ஆம் ஆண்டு ஓட், ஷேஃபெல் என்னும் ஆய்வாளர் இருவர், பச்சோந்தியின் கண்வில்லை மற்ற முதுகெலும்பிகளின் வில்லையைப் போன்றதன்று என்றும், ஒளியை விரிக்கும் தன்மையுடையது என்றும் கண்டறிந்தனர். அதனால் காணும் உருவம் விழித்திரையில் பெரிதாக விழுகிறது. தொலைநோக்கிக்கு நிகரான கண் அது.

கண் அளந்து கொடுத்த தொலைவுக்கே நாக்கு பாயும். பச்சோந்தியின் நாக்கு அதன் உடலைக் காட்டிலும் நீளமானது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அது பாய்ந்து, வெட்டுக்கிளியைப் பற்றி மீளும். நாய் மோப்பத்தால் உணவு தேடும். வௌவால்களுள் பல எதிரொலியால் இரை தேடும். பச்சோந்திக்கோ கண்ணை விட்டால் வேறு வழியில்லை. கண் பழுதானால் நாக்கு குறி தவறும். நாக்கு குறி தவறினால் உணவில்லை. உணவில்லையேல் உடல் மெலியும். மெலிந்த உடலில் கண் மேலும் நலிவுறும். பச்சோந்திக்குக் கண்நோய் உயிருக்கு இறுதியாக முடிவது இவ்வாறே.

நிறமாற்றம் வஞ்சகமா?

சொன்ன சொல்லை மாற்றுவோரைப் ‘பச்சோந்தி’ என்று பழிப்பது வழக்கம். இப்பழிக்கும் அவ்வுயிருக்கும் தொடர்பில்லை. பச்சோந்தி பிறரை ஏமாற்றுவதற்காக நினைத்தபடியெல்லாம் நிறம் மாற்றுவதில்லை. குளிர்ந்த காலையில் வெயிலை ஈர்க்க அதன் மேனி கருக்கும். வெயில் மிகும்போது வெளிறும். அச்சத்திலும் சினத்திலும் நிறம் மாறும். அதன் தோலுக்குள் அடுக்கடுக்காக நுண்படிகங்கள் உள்ளன என்றும், அவற்றின் இடைவெளி மாறும்போது நிறம் மாறுகிறது என்றும் 2015ஆம் ஆண்டு ஜெனீவா நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மனிதரின் முகம் நாணத்தால் சிவப்பதைப் போன்றதே இதுவும். நிறம் அதன் வஞ்சகமன்று; அதன் மொழி. அம்மொழியை அறிந்தோர், கருத்த மேனியோடு கிளையின் ஓரத்தில் ஒடுங்கியிருக்கும் பச்சோந்தி துன்பத்தில் உள்ளதோ என ஐயுறுவர்.

பெட்டிக்குள் வந்த நோய்

கோடை விடுமுறையில் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஆச்சி வீட்டிற்குச் சென்ற சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வேலியில் இருந்த பச்சோந்தியைக் கண்டு அவன் மகிழ்கிறான். ஊர்ப்பிள்ளைகள் அதைக் கல்லால் அடிக்க முற்படுகின்றனர். அவன் தடுத்துக் காப்பாற்றுகிறான். பிறகு காலணிப் பெட்டி ஒன்றில் அதை வைத்து, தொடர்வண்டியில் மும்பைக்குக் கொண்டுவருகிறான். சயானில் உள்ள தன் வீட்டில் அதற்கு ஒரு கிண்ணத்தில் நீரும், மற்றொன்றில் சோறும் வைக்கிறான். பத்து நாள்களில் அதன் கண்கள் குழிவிழுகின்றன. பகலிலும் அது கண்மூடிக் கிடக்கிறது. அவன் செய்தவற்றுள் எதுவும் தீய எண்ணத்தால் செய்ததன்று. எனினும் நோய் வந்தது. ஏன்?

முதற்காரணம் நீர். பச்சோந்தி கிண்ணத்தில் நிற்கும் நீரை நீரென்று அறிவது அரிது. இலையில் பனித்துளியும் மழைத்துளியும் மின்னுவதைக் கண்டே அது நக்கிக் குடிக்கும். கிண்ணம் நிறைய நீரிருந்தும் அது தாகத்தால் வாடும். உடலில் நீர் வற்றும்போது கண்கோபுரம் உள்வாங்கும்.

இரண்டாம் காரணம் உணவு. அது சோறு உண்ணாது. உயிருள்ள பூச்சிகளையே உண்ணும். காட்டில் பலவகை இலைகளைத் தின்று வளர்ந்த பூச்சிகள் அதற்குக் கிடைக்கும். ஒரே வகைப் பூச்சியை மட்டும் நாள்தோறும் தந்தால் உயிர்ச்சத்து ‘ஏ’ குறையும். அச்சத்துக் குறைந்தால் இமை வீங்கும், கண்ணில் அழுக்குத் திரளும், பார்வை மங்கும். மனிதருக்கு மாலைக்கண் நோய் வருவதும் இச்சத்துக் குறைவால்தான். அதைத் தடுக்கவே நம் நாட்டில் சிறு குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ‘ஏ’ நீர்மமாக வாயில் புகட்டப்படுகிறது. நீங்களும் சிறுவயதில் அதை அருந்தியிருக்கக்கூடும்.

மூன்றாம் காரணம் இடம். பெட்டியின் தூசி கண்ணுள் புகும். அதன் முரட்டு விளிம்பு கண்ணைக் கீறும். உரிந்த தோலின் துணுக்கு இமைக்குள் தங்கும். வெயில் படாத அறையில் எலும்பும் வலுவிழக்கும். இவற்றுடன் அச்சமும் சேர்ந்துகொள்ளும். தனித்து வாழும் இயல்புடைய அவ்வுயிருக்கு, நாள்தோறும் பலர் கையில் எடுத்துப் பார்ப்பதே பெருந்துன்பம்.

நோயை அறியும் வழி

இரவில் பச்சோந்தி நிறம் வெளிறிக் கண்மூடி உறங்கும். அது இயல்பு. அவ்வப்போது கண்கோபுரத்தைப் புடைக்கச் செய்து உருட்டித் தூய்மை செய்துகொள்ளும். அதுவும் இயல்பே. பின்வருவன நோயின் அறிகுறிகள்:

• பகலில் ஒரு கண்ணையோ இரு கண்களையோ நெடுநேரம் மூடியிருத்தல்.
• கண்கோபுரம் குழிவிழுதல் அல்லது வீங்கிய நிலையிலேயே இருத்தல்.
• கண்ணில் நீரோ சீழோ கசிதல், இமைத்துளை ஒட்டிக்கொள்ளுதல்.
• கண்ணைக் கிளையில் ஓயாமல் தேய்த்தல்.
• இரையை நோக்கி நாக்கை நீட்டியும் குறி தவறுதல்.

இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாளைக்கெனத் தள்ளிவைத்தல் கூடாது. இவ்வுயிர் தன் நலிவை வெளிக்காட்டாமல் நெடுநாள் தாங்கும். நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது முற்றியிருக்கக்கூடும்.

காக்கும் முறை

சாலையோரத்திலோ மரம் வெட்டிய இடத்திலோ நோயுற்ற பச்சோந்தியைக் கண்டாலும், எவரேனும் வீட்டில் வைத்திருப்பதை அறிந்தாலும் கீழ்க்காணும் நெறிகளைப் பின்பற்றுதல் வேண்டும்.

1. பெரியவரிடம் உடனே கூறுக. தனியே அதனைக் கையாளற்க.
2. காற்றுத் துளைகள் இட்ட பெட்டியில், பற்றிக்கொள்ளச் சிறு கிளை ஒன்றுடன் வைக்க. பெட்டியை நிழலான, அமைதியான இடத்தில் வைக்க.
3. கிளையின் இலைகளில் நீரைத் துளிகளாகத் தெளிக்க. வாயைத் திறந்து நீரோ உணவோ புகட்டற்க.
4. மனிதருக்குரிய கண்மருந்தை ஊற்றற்க. நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், மஞ்சள்நீர் முதலிய கைவைத்தியங்களையும் செய்யற்க. மூடிய இமையை விரலால் திறக்க முயலற்க.
5. வனத்துறைக்குத் தெரிவிக்க. மகாராட்டிர மாநில வனத்துறையின் உதவி எண் 1926 ஆகும்.

வனத்துறையினர் அவ்வுயிரைக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பர். மருத்துவர் தூய உப்புநீரால் கண்ணைக் கழுவி, உள்ளிருக்கும் தூசியையோ தோல் துணுக்கையோ நீக்குவார். கிருமித்தொற்று இருந்தால் அதற்குரிய களிம்பை இடுவார். உடலில் நீர்ச்சத்தை மீட்பார். உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்திருந்தால் எடைக்கேற்ப அளந்து தருவார். அளவு மிகுந்தால் அச்சத்தே நஞ்சாகும். ஆகவே கடையில் வாங்கிய சத்துமருந்தை நாமே தருதல் தகாது. கால்நடை மருத்துவத்தில் மும்பைக்கு நீண்ட மரபுண்டு. சயானுக்குத் தெற்கே பரேலில் உள்ள பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

அன்பின் எல்லை

நலம்பெற்ற பச்சோந்தியை மீண்டும் வீட்டில் வளர்க்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். வளர்த்தல் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வினத்தைப் பாதுகாக்கிறது. இதனைப் பிடித்தலும் விற்றலும் வாங்குதலும் வீட்டில் அடைத்தலும் குற்றமாகும். வெளிநாடுகளில் சிலர் ஏமன் நாட்டுப் பச்சோந்தி முதலிய இனங்களை வளர்க்கின்றனர். இலையில் நீர் சொட்டும் கருவியும், வெயிலுக்கு ஈடான விளக்கும், பலவகைப் பூச்சிகளும் வைத்துப் பேணியும் அவற்றுக்கும் கண்நோய் வருவதுண்டு. ஒரு காட்டின் வேலையை ஓர் அறை செய்வது எளிதன்று.

அப்படியாயின், அதைச் சயானில் உள்ள ஒரு மரத்தில் விட்டுவிடலாமா? அதுவும் முறையன்று. பழகாத இடத்தில் விடப்பட்ட உயிர் நீரையும் இரையையும் ஒதுங்கிடத்தையும் அறியாது தவிக்கும். எங்கே, எப்போது விடுவது என்பதை வனத்துறையே முடிவு செய்தல் வேண்டும்.

நம் தாத்தாக்களும் ஆச்சிகளும் திருநெல்வேலியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தொழில்தேடி மும்பைக்கு வந்தனர். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினர். முன்னரே வந்திருந்த உறவினர் அவர்களுக்கு இடம் தந்தனர். கோவிலும் பள்ளியும் எழுந்தன. புதிய மொழியைக் கற்றனர். ஊர்விட்டு ஊர் வருவது மனிதருக்கே கடினம். ஆயினும் அது அவர்கள் எண்ணித் துணிந்த பயணம். வழிகேட்க அவர்களுக்கு வாயிருந்தது. திரும்பிச் செல்லவும் வழியிருந்தது. காலணிப் பெட்டியில் வந்த பச்சோந்திக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

அச்சிறுவன் கல்லடியிலிருந்து அதனைக் காத்தது நற்செயல். காத்த பின்னர், அவ்வேலியிலேயே விட்டு வந்திருந்தால் அச்செயல் நிறைவுற்றிருக்கும். இப்போதும் அவன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தண்டனைக்கு அஞ்சி மறைக்காமல், பெற்றோரிடம் உண்மையைக் கூறி, உரியவரிடம் அதனை ஒப்படைத்தல். பிரிவு அவனுக்கு வருத்தம் தரும். ஆனால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பச்சோந்திக்கு ஒரு நாள் இருளாகும்.

சயானுக்கு மராத்தியில் ‘சீவ்’ என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். முன்னாளில் மும்பைத் தீவின் எல்லையாக அவ்விடம் இருந்தது. அன்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் உயிரை நமக்கென வைத்துக்கொள்ளும் விருப்பம், அவ்வுயிரின் நலத்தோடு மோதும் இடமே அவ்வெல்லை.

காட்டுயிரைக் காணும் ஆர்வத்தை அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. தாராவிக்கு அருகே மித்தி ஆற்றங்கரையில் மகாராட்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. ஒருகாலத்தில் நகரின் குப்பைமேடாக இருந்த அந்நிலம், மரங்கள் நடப்பெற்று 1994ஆம் ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஓணானும் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் அங்கு உரிமையோடு வாழ்கின்றன. பிடிக்காமலும் தொடாமலும் நின்று நோக்குவோர்க்கு அவை தம் வாழ்வைக் காட்டும்.

சொல்லும் பொருளும்

ஆடிவில்லை – ஒளியைக் குவிக்கும் அல்லது விரிக்கும் கண்ணாடித் துண்டு
விழித்திரை – கண்ணுள் உருவம் விழும் பகுதி
இரை – உயிரினம் பிடித்துண்ணும் உணவு
நலிவு – தளர்ச்சி
குறடு – பற்றிப் பிடிக்கும் கருவி
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
சீமை – நிலப்பகுதி

கற்பவை கற்றபின்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பச்சோந்தி நீரைக் குடிக்கும் முறை ________
   (அ) கிண்ணத்திலிருந்து (ஆ) இலைத்துளிகளை நக்கி (இ) வேரை உறிஞ்சி (ஈ) மண்ணைத் தோண்டி
2. இமை வீங்கிப் பார்வை மங்குவது ________ குறைவதால் நேரும்.
   (அ) உயிர்ச்சத்து ஏ (ஆ) உப்பு (இ) சர்க்கரை (ஈ) கொழுப்பு
3. ‘பச்சோந்தி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________
   (அ) பச்சு + ஓந்தி (ஆ) பச்சோ + அந்தி (இ) பசுமை + ஓந்தி (ஈ) பச் + சோந்தி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பச்சோந்தியின் கண்ணிமை எவ்வாறு அமைந்துள்ளது?
2. 1977ஆம் ஆண்டு ஆய்வினால் புலனானது யாது?
3. பகலில் கண்மூடுதலும் இரவில் கண்மூடுதலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. நிறமாற்றம் ‘அதன் மொழி’ எனப்படுவது ஏன்?

இ. நான்கைந்து தொடர்களில் விடை எழுதுக.

1. ஓணானுக்கும் பச்சோந்திக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து எழுதுக.
2. கண் பழுதானால் பச்சோந்தியின் உயிருக்கே கேடு வருவது எவ்வாறு? காரண வரிசையில் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.

பச்சோந்தியைப் பெட்டியில் கொண்டுவந்த சிறுவன் உங்கள் வகுப்புத் தோழன் எனக் கொள்க. ஆசிரியரிடம் கூறினால் திட்டுவாரோ என அவன் அஞ்சுகிறான். அவனுக்கு நீங்கள் கூறும் அறிவுரையைக் கடிதமாக எழுதுக.

மொழிப்பயிற்சி: வியங்கோள் வினைமுற்று

வாழ்த்துதல், வைதல், வேண்டுதல், விதித்தல் ஆகிய பொருள்களில் வரும் வினைமுற்று வியங்கோள் வினைமுற்று ஆகும். ‘க’ என முடிவது இதன் பெருவழக்கு. எதிர்மறைப் பொருளில் ‘அற்க’ என முடியும். இஃது ஒருமை, பன்மை இரண்டிற்கும் பொதுவாக வரும்.

எடுத்துக்காட்டு: கூறு – கூறுக – கூறற்க

1. ‘காக்கும் முறை’ என்னும் பகுதியில் உள்ள வியங்கோள் வினைமுற்றுகளை எடுத்து எழுதுக.
2. பின்வருவனவற்றிற்கு உடன்பாட்டு, எதிர்மறை வியங்கோள் வடிவங்களை எழுதுக: செய், ஊற்று, முயல், எழுது.

செயல்திட்டம்

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்தம் சொந்த ஊரில் பச்சோந்தி, ஓணான், அரணை, பல்லி ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களையும் அவற்றைப் பற்றிய நம்பிக்கைகளையும் கேட்டு எழுதுக. இந்தி, மராத்திப் பெயர்களையும் சேர்த்து மும்மொழிப் பட்டியல் ஒன்று உருவாக்குக. அந்நம்பிக்கைகளுள் எவை உண்மை, எவை பழி என வகுப்பில் கலந்துரையாடுக.